ஸ்டெல்லாவின் இடது காது: புதுவாயல் பக்கம் ஒரு குதிரைப் பாடம்

இந்தப் பதிவை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிகளுக்குப் போய் ஆடு, மாடு, கோழி பற்றி நான் பாடம் எடுக்கிற கதைகளை இங்கே படிப்பவர்களில் சிலர், "குதிரையை வைத்து எடுக்க முடியுமா, எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். முடியும். நான் எடுத்தேன். தை மாதம் ஒரு சனிக்கிழமை, மாசியில் ஒரு சனிக்கிழமை என்று இரண்டு முறை கும்மிடிப்பூண்டி பக்கம் போய்வந்தேன். முதல் முறை குதிரை இருந்தது. இரண்டாம் முறை இல்லை. வழி, செலவு எல்லாம் சொல்கிறேன். நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் போய் அதையே செய்துவிட்டு வருவீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக: நான் கால்நடை மருத்துவர். பல வருடம் குதிரை லாயங்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பெரம்பூரில் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அது இந்தப் பதிவுக்குத் தேவையான தகவல்தான்.

என்னைக் கூப்பிட்டவள் பள்ளித் தோழி கலைச்செல்வி. புதுவாயலுக்கு உள்ளே தள்ளி ஓர் ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் போகப் போகத் தெரியும். அந்தப் பக்கம் மஞ்சள் நீராட்டு விழா என்றால் தாய்மாமன் சீர்த்தட்டோடு வருவார். அந்தச் சீர் வரிசைக்கு முன்னால் டிரம் செட் முழங்க, ஒரு வெள்ளைக் குதிரை ஆடிக்கொண்டு வர வேண்டும். குதிரை ஆடாமல் வந்த மாமனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஆடுகிற குதிரையின் வாலைப் பின்னாலிருந்து தொட்டுவிட்டு ஓடுவதுதான் பையன்களுக்கு வீரம். அப்படித் தொட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடையில் உதை வாங்கி ஒரு வாரம் படுத்திருக்கிறான்.

"எலும்பு உடையல, ஆனா அடுத்தவன் மண்டை உடையறதுக்குள்ள நீ வந்துட்டுப் போடி" என்றாள் கலைச்செல்வி.

சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் காலை ஏழு மணி வாக்கில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தேன். போக வர டிக்கெட் முப்பது ரூபாய். திருவொற்றியூர் வரை நிற்கத்தான் இடம், எண்ணூரில் கூட்டம் கரையும். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஜன்னலோடு கொஞ்ச தூரம் கூடவே வரும். பொன்னேரி தாண்டினால்தான் வயலும் காற்றும். கும்மிடிப்பூண்டிக்கு ஒரு நிலையம் முன்னாலேயே, கவரைப்பேட்டையில் இறங்கிவிடுங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து புதுவாயல் கூட்டுரோட்டுக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். நாஷ்டாவை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களை நம்பி நாலைந்து கடைகள் விடியற்காலையிலேயே திறந்திருக்கும், உள்ளே போனால் பிஸ்கட்தான்.

கூட்டுரோட்டிலிருந்து பள்ளி நாலு கிலோமீட்டர். தனி ஆட்டோ நூற்றிருபது கேட்டார், நூறுக்கு வந்தார். குதிரைப் பாடம் எடுக்கப் போகிறேன் என்றதும் வண்டியை மெதுவாக்கிவிட்டார்.

"குதுரைப் பாடமா? கம்பெனிக்குப் போற பசங்களுக்கு இன்னாத்துக்கும்மா அது?" என்றவர், அடுத்த வளைவில் தானாகவே சொன்னார்: "நம்ம இருதயராஜு குதுரைதான வரப்போவுது? அது ஆடுச்சின்னா பஸ்ஸு நின்னு பாத்துட்டுப் போவும்மா. எங்க அக்கா பொண்ணுக்கு நான் சீர் எட்த்துனு போனப்ப அதான் வந்துது."

இருதயராஜை நான் பள்ளி வாசலில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. முந்தின இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், குதிரையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைக் குதிரையில் சாணிக்கறை மஞ்சளாகப் பிடிக்கும் என்பதால் கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம் கலப்பாராம், நாம் வேட்டிக்குக் கலப்பது போல. நெற்றியில் சிவப்பு இறகு, கழுத்தில் மணி, காலில் சலங்கை. பள்ளிக்கூடத்துக்கு என்பதால் காசு எதுவும் வாங்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். அவருடைய சின்ன மகளும் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு.

"பேரு இன்னான்னு கேட்டீங்கனா ரெண்டு கீது மேடம். கல்யாணம், சீருன்னு போனா லட்சுமி. ஊட்ல ஸ்டெல்லா" என்றார்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பூவரச மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு குதிரை வரையச் சொன்னேன். அத்தனை பேரும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கிற குதிரையையே வரைந்தார்கள், கோயில் வாகனத்தில் பார்த்ததுபோல. "இப்படி நின்றால் அது எப்போது சாப்பிடும்?" என்று கேட்டேன். சிரித்தார்கள். குதிரையின் வயிறு சின்னது, நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டே இருக்க வேண்டிய பிராணி என்று அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அன்பு மிகுதியில் மீந்துபோன பொங்கலை ஊட்டினால் அந்த அன்பே அதைக் கொன்றுவிடும் என்றபோது பாதிப் பேர் குற்ற உணர்ச்சியோடு இருதயராஜைப் பார்த்தார்கள். அவர் அறியாமல் என்னென்னவோ ஊட்டியிருக்கிறார்கள் போல.

ஸ்டெதஸ்கோப்பை ஒவ்வொருவராக ஸ்டெல்லாவின் விலாவில் வைத்துக் கேட்டார்கள். குடல் ஓடுகிற சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும், ஓடினால் நல்லது என்றேன். "மிஸ், மோட்டார் போட்டா மாரி கீது!" என்று ஒருவன் கத்தினான். தாடைக்கு அடியில் நாடி பிடித்தார்கள். குளம்பைத் தூக்கி, நடுவில் ரப்பர் போலிருக்கிற முக்கோணத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தக் குளம்பில் ஒரு கல் இல்லை, அழுகல் வாடை இல்லை. கடிவாளம் படுகிற வாயோரத்தில் புண் இல்லை. பெரிய லாயங்களிலேயே இவ்வளவு சுத்தமான கால்களை நான் எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன். இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் மட்டும்.

அடுத்து காது. குதிரையின் மனம் காதில் இருக்கிறது என்பதுதான் நான் எங்கு போனாலும் எடுக்கிற பாடம். முன்னால் நிமிர்ந்தால் ஆர்வம், தளர்ந்து தொங்கினால் ஓய்வு, பின்னால் ஒட்டினால் பயம் அல்லது கோபம். குதிரைக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது. அதனால் இடது தோள் பக்கமாக, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். பேர் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்றேன். "லட்சுமி!" என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒன்றுமில்லை. நந்தினி என்கிற பத்தாம் வகுப்புப் பெண் மட்டும் மெதுவாக "ஸ்டெல்லா" என்றாள். நுனியில் சின்ன வெட்டு விழுந்த அந்த இடது காது தனியாக அவள் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"லட்சுமி, வேலைக்குப் போற பேரு மேடம்" என்று இருதயராஜ் சிரித்தார்.

பாடம் அத்துடன் முடிந்திருந்தால் நான் இன்று நிம்மதியாக வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். கடைசி வரிசையில் ஒரு பையன், வழக்கமாகச் சீர் வரிசையில் அடிக்கிற தாளத்தைக் காலி பிளாஸ்டிக் பக்கெட்டில் தட்டினான். யாரும் கயிற்றை இழுக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. ஸ்டெல்லா ஆட ஆரம்பித்துவிட்டாள். முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி, கழுத்தை வளைத்து, சலங்கை குலுங்க. விசில் பறந்தது. இருதயராஜ் முகத்தில் பெருமை.

நந்தினி மட்டும் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், காது ரெண்டும் பின்னாடி ஒட்டிக்கினு கீது. வாலை அடிக்குது. வேர்க்குது. அப்ப இது சந்தோஷத்துல ஆடலயா?"

பக்கெட் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். "இல்லை. இது பயம். சத்தம் கேட்டதும் காலைத் தூக்காவிட்டால் அடி விழும் என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள். குதிரைக்கு இது நடனம் இல்லை."

"நான் அடிச்சதில்ல மேடம். வாங்கறப்பவே கத்துக்கினுதான் வந்துது" என்றார் இருதயராஜ். மெல்லிய குரலில்தான் சொன்னார். அதற்குள் மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். அவர் சொன்னது எனக்குக் கேட்டது, அவர்களில் எத்தனை பேருக்குக் கேட்டது என்று தெரியாது. மதிய வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் நான் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வண்டியில் உட்கார்ந்து, வகுப்பு நன்றாகப் போனது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கலைச்செல்வி போன் செய்தாள். நந்தினியின் தங்கைக்கு மாசியில் மஞ்சள் நீராட்டு. மாமா ஏற்கெனவே ஸ்டெல்லாவைப் பேசி வைத்திருந்தாராம். குதிரை வந்தால் நான் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்று நந்தினி சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். மாமா முதலில் குதித்திருக்கிறார், பிறகு இறங்கி வந்து, குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதிலுக்குச் செண்டை மேளம். "எங்கள் பள்ளி மாணவி" என்று தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் பாராட்ட, மற்ற பிள்ளைகளும் வீட்டில் பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள். அடுத்தடுத்து இன்னும் சில வீடுகள் வேண்டாம் என்றன. யாரோ ஒரு பையன் இருதயராஜ் வீட்டு மதிலில் கரியால் "குதிரையை அடிக்காதே" என்று எழுதிவிட்டான். அவருடைய சின்ன மகள் நாலு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

"இது இன்னாடி, பேஜாரா போச்சு" என்றாள் கலைச்செல்வி. "கம்பெனி சம்பளத்துல ஊட்டையே இழுத்துப் புட்ச்சிதான் ஓட்டினு கீறாரு. சீர் வேலை இல்லன்னா அதை எப்படி வச்சிக்கினு இருப்பாரு?"

எனக்கு வழி தோன்றியது. ஆட்டமில்லாமல், சலங்கை இல்லாமல், குதிரை வெறுமனே நடந்து வரட்டும். மாமன் முன்னால் வெள்ளைக் குதிரை நடந்து வந்தால் போதாதா? நந்தினியின் மாமாவிடமே பேசி, அந்த விழாவிலேயே ஆரம்பித்துவிடலாம். டிரம்மைக் கேட்டு மிரளாமல் இருக்க மெல்ல மெல்லப் பழக்குகிற முறையை இருதயராஜுக்குச் சொல்லித் தருகிறேன், பிள்ளைகள் முன்னால் அவரிடம் மன்னிப்பும் கேட்கிறேன் என்றேன். போனிலேயே அவரிடம் சொல்லட்டுமா என்று கலைச்செல்வி கேட்டாள். வேண்டாம், சனிக்கிழமை நேரில் வருகிறேன், போனில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று சொன்னது நான்தான்.

இரண்டாவது பயணம், அதே வண்டி, அதே செலவு. பையில் குளம்பு சுத்தம் செய்கிற கொக்கிகள் ஆறு. கூட்டுரோட்டில் அன்று அதே ஆட்டோக்காரர் இல்லை. பள்ளியில் பத்துப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். நந்தினி ஒரு தூக்கு நிறையக் கொள்ளு ஊற வைத்து எடுத்து வந்திருந்தாள், எவ்வளவு ஊற வேண்டும் என்று நான் சொன்ன கணக்குப்படி. எல்லோருமாக வயல் வரப்பில் நடந்து இருதயராஜ் வீட்டுக்குப் போனோம். மதிலில் கரி எழுத்தைச் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தார்கள்.

தகரக் கொட்டகை காலியாக இருந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் இருக்கிற ஆரணியிலிருந்து வாங்கி வந்த புல்லுக்கட்டு ஒன்று பிரிக்காமல் மூலையில் சாய்ந்திருந்தது.

இருதயராஜ் கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். "வியாழக்கிழமையே போயிடுச்சு மேடம்" என்றார்.

நான் என் யோசனையைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். "ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தீங்கனா வச்சினு இருந்திருப்பேன். நடந்துனு போறதுன்னா அதுக்கு ரொம்ப இஸ்டம்."

"நான் அன்றைக்கு உங்களை வைத்துக்கொண்டு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொன்னது பொய்யில்ல மேடம். எனக்கே தெரியும். அதனாலதான் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆட உட மாட்டேன். பட்டாசு வெச்சாங்கன்னா பாதியில புட்ச்சினு வந்துடுவேன், எவ்ளோ சண்டை வந்தாலும். வாங்குன ஆளு அப்டி இல்ல. பக்கெட்டைத் தட்டச் சொல்லி, எவ்ளோ நேரம் ஆடுதுன்னு பாத்துட்டுத்தான் துட்டை எடுத்தாரு. காலையில ஒரு எடம், சாயங்காலம் ஒரு எடம்னு போவாராம்."

"எந்த ஊர்?"

"தடா தாண்டி எங்கியோ. நைனா நைனான்னு தெலுங்குல பேசினாரு. புரோக்கரு கூட்டினு வந்தாரு, ஊரு சரியா சொல்லல." கொஞ்ச நேரம் கொட்டகையைப் பார்த்தார். "பேரு கேட்டாரு. லட்சுமின்னு சொல்லி அனுப்பிச்சிட்டேன். ஸ்டெல்லா எங்க அம்மா பேரு மேடம். அதைக் குட்த்து அனுப்ப மனசு வரல."

பிறகு நந்தினி கேட்டாள். "மிஸ், நான் அன்னிக்கு அந்தக் கேள்விய கேக்காம இருந்திருக்கணுமா?"

அந்தப் பத்துப் பிள்ளைகளையும் இருதயராஜையும் வைத்துக்கொண்டு சொன்னேன். கேள்வி சரி. நான்தான் பாதி பதில் சொன்னேன். ஆட்டம் பயத்தில் வந்தது என்று சொன்ன வாய், அந்தக் குளம்பைப் பாருங்கள், அந்த வாயோரத்தைப் பாருங்கள், இதைவிடப் பத்திரமான கை இந்தக் குதிரைக்குக் கிடைக்காது என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் குதிரைப் பாடம்தான். சொல்லியிருந்தால் நீங்கள் வீட்டில் போய் வேறு மாதிரி பேசியிருப்பீர்கள். இருதயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன மகள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை.

ஊறிய கொள்ளு சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். இருதயராஜின் மனைவி அந்தத் தூக்கை வாங்கிக்கொண்டு போய், தேங்காய் போட்டுச் சுண்டலாக்கிக் கொண்டுவந்தார். ஸ்டெல்லாவுக்கென்று ஊற வைத்ததை நாங்கள் எல்லோரும் அந்தக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தின்றோம்.

அன்று மதியமே நானும் கலைச்செல்வியும் கும்மிடிப்பூண்டி போய், அங்கிருந்து தடாவுக்கு பஸ் ஏறினோம். இருபது கிலோமீட்டருக்குள்தான். பேண்ட் செட் கடைகளில் விசாரித்தோம். "தெல்ல குர்ரமா? சாலா உன்னாயம்மா" என்றார் ஒருவர், வெள்ளைக் குதிரையா, நிறைய இருக்கே என்று. இருட்டும் முன் திரும்பிவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கவரைப்பேட்டையிலிருந்து திரும்ப வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பிள்ளைகள் செருப்போடு வரக்கூடாது, ஷூ கட்டாயம். குதிரைக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், உங்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கெட், விசில், பறை, எதுவும் பக்கத்தில் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரைக்காரரோடு முதல் நாளே உட்கார்ந்து பேசுங்கள். அவர் பிழைப்பைப் பற்றி என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் பிறகு. சொல்ல வேண்டியது தோன்றினால் போனிலேயே, அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். மரியாதை பார்த்துச் சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஓர் உதவி. தடா, சூளூர்பேட்டை பக்கம் போகிறவர்கள், ஏதாவது கல்யாண ஊர்வலத்தில் வெள்ளைப் பெண்குதிரை ஒன்று ஆடுவதைப் பார்த்தால், இடது காதின் நுனியைக் கவனியுங்கள். சின்ன வெட்டு இருந்தால், மேளக்காரரிடம் கெஞ்சி ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னாலிருந்து போகாதீர்கள். இடது தோள் பக்கமாக, நிதானமாகப் போய், "ஸ்டெல்லா" என்று கூப்பிடுங்கள். காது உங்கள் பக்கம் திரும்பினால், எந்த ஊர் என்று மட்டும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள். இருதயராஜ் அந்தப் புல்லுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை என்று கலைச்செல்வி சொன்னாள்.